ரெண்டு கொடையும்

சித்திரை மழை தகரக் கூரையில் கொட்டுகிறது. தையல் மிஷின்களின் இரைச்சலும் சேர்ந்துகொள்ள, பனியன் கம்பெனிக்குள் பாதிப் பேச்சுதான் காதில் விழுகிறது. சூப்பர்வைசர் வெள்ளியங்கிரியின் முன்னால் பேச்சிக்கனி நிற்கிறாள். காய்ச்சலில் கிடந்து பிழைத்த மகளுக்காக நேர்ந்த மாவிளக்கை அம்மனுக்கு எடுக்கவேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து ஊருக்கு இன்றைக்கு பஸ் ஏறினால்தான் முடியும். "அண்ணாச்சி, ஊர்ல கொடை. நாலு நாள் வேணும்" என்கிறாள். பேச்சில் குடையும் கொடைதானே! அவர் மேசைக்கடியிலிருந்து தம் கறுப்புக் குடையை எடுத்து நீட்டுகிறார். "இதுக்கு எதுக்குங்க இத்தனை தயக்கம்? மழை விடற வரைக்கும் வெச்சுக்குங்க."

பக்கத்து மிஷின்கள் சிரிப்பில் நின்றுபோகின்றன. "இந்தக் கொடை இல்ல அண்ணாச்சி, அம்மன் கோயில் கொடை!" "ஓ, திருவிழா நோம்பிங்களா? அப்படிச் சொல்றதுதானுங்களே!" என்கிறார் வெள்ளியங்கிரி. செக்கிங் மேசையிலிருந்து நித்யஸ்ரீ குரல் கொடுக்கிறாள்: "கொடைன்னா குடுக்கறதுங்கண்ணா. வள்ளலுங்களைப் பாடுன பாட்டுல எல்லாம் வருமுங்க." திருவிழாவுக்குக் கொடுத்தல் என்றே பெயரிட்ட மக்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. வெள்ளியங்கிரி தைக்காமல் கிடக்கும் துணிக்கட்டுகளைப் பார்க்கிறார். நாளை மறுநாள் சரக்கு ஏற்ற லாரி வந்துவிடும். பேச்சிக்கனியின் விரல்கள் முந்தானை நுனியைத் திருகுகின்றன. நீட்டிய குடையை அவர் இன்னும் பின்னுக்கு இழுக்கவில்லை.

"இந்தாங்க" என்கிறார். "ரெண்டு கொடையும் எடுத்துட்டுப் போங்க."