கயிற்றில் வந்த கார்

“காரு முக்கியமா, கட்டுன புருசன் முக்கியமாம்மா?”

போக்குவரத்துக் காவலர் சிட்டிபாபு போட்ட சத்தத்தில், தாம்பரம் மேம்பாலத்தின் முகட்டில் நின்றிருந்த அத்தனை பேரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். காருக்குள் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றியிருந்த ரேணுகாம்பாள் எதிரே வைத்த கண்ணை எடுக்கவில்லை.

சற்று முன்புதான் அந்த விசித்திர ஊர்வலத்தைச் சிட்டிபாபு கைகாட்டி மறித்திருந்தார். முன்னால், கட்டிலும் அடுப்பும் வைத்த கேரவன் வேன். பின்னால், கயிற்றில் கட்டிய சின்னக் கார். வேன் ஹாரன் அடித்தது, கார் கிறீச்சிட்டது, கயிறு விறைத்து நிற்க, இரண்டும் நின்றன.

சிட்டிபாபு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலில் ஒருவர் முகம் வெளிறி முனகிக்கொண்டிருந்தார்.

“எங்கக்கா வீட்டுக்காரர் சார்,” என்றான் வேன் ஓட்டி வந்த மோகன்ராஜ். “டூர் கிளம்பின எடத்துல, வேன் ஏணியிலேர்ந்து விழுந்துட்டார். முதுகுல அடி. உக்கார வைக்கவே கூடாதுன்னு டாக்டர் போன்ல சொல்லிட்டார். ஆம்புலன்ஸ் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. பாலம் எறங்கினா ஆஸ்பத்திரி. விட்டுடுங்க சார்!”

“நான் புடிச்சா வெச்சுக்கீறேன்? ஆள் உசுருக்குப் போராடுறப்போ இந்த ஓட்டைக் காரை எதுக்குய்யா இழுத்துகினு கீறே? அவுத்து வுட்டுட்டுப் பறக்க வேணாமா?”

மோகன்ராஜ் பின்னால் காரில் இருந்த அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். அதைக் கண்டதும் சிட்டிபாபுவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு தகர டப்பாவின் மேல் இத்தனை ஆசையா!

“காரை வுட்டுட்டுப் போனா காக்கா தூக்கினு பூடுமா அக்கா?” என்று ஓர் ஆட்டோக்காரர் கேலி செய்தார்.

“புருசன் அங்க முனகுறாரு. சீட்டை வுட்டு எந்திரிக்குதா பாரு!” என்றாள் ஸ்கூட்டரில் வந்த ஒருத்தி.

சிட்டிபாபு கார் ஜன்னலருகே குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “எறங்கும்மா. போய் அவரு கையைப் புடிச்சுக்க. காரை நான் ஓரங்கட்டி வெக்கிறேன். என்னை நம்பு.”

“எறங்க முடியாது சார். எங்களை இப்படியே போக விடுங்க.” அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது; துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை. வலது காலையும் அசைக்காமல் அழுத்தி ஊன்றியிருந்தாள்.

அதற்குமேல் அவருக்குப் பொறுமை இல்லை. நெரிசலில் நின்றிருந்த இளநீர் வண்டியிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு, இரண்டு வண்டிகளுக்கும் நடுவே வந்தார். எதிரே பாலம் செங்குத்தாக இறங்கியது. அதன் அடியில், பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

“இன்னைக்கு உன் பாவம் என் தலையில வேணாம்மா,” என்று கயிற்றின்மேல் அரிவாளை வைத்தார்.

“சார், கயித்தைத் தொடாதீங்க!” என்று வேனிலிருந்து மோகன்ராஜ் அலறினான்.

சிட்டிபாபு அரிவாளை ஓங்கினார்.

ரேணுகாம்பாள் தொண்டை கிழியக் கத்தினாள்: “காருக்கு ஒண்ணுமில்ல சார், பிரேக் போனது வேனுக்கு!”