அழுந்திய பொத்தான்

மழைக்காலம் தொடங்கியதும் பெர்க்மான்ஸ், விசைப்படகின் வயர்லெஸ் மைக்கை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் வாயை ரப்பர் பட்டையால் இறுக்கினான். முந்தைய மைக் உப்பு ஈரத்தில் கெட்டுப்போயிருந்தது. ஆனால் உறைக்குள்ளேயே ஈரம் வியர்த்துத் துரு ஏறியது. கடலுக்குப் போன நான்காம் நாள் காலையில் அவன் பேசிவிட்டு மைக்கை மாட்டியபோது, பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. பொத்தான் அழுந்தியிருக்கும்வரை இங்கிருந்து பேச்சு போகுமே தவிர, மற்ற படகுகளின் பேச்சு இங்கே வராது. படகில் பேசுவதெல்லாம் கடல் முழுக்கக் கேட்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

மதியம் காற்று வலுத்தது. வயர்லெஸ் சத்தமே போடவில்லை.

"சனியன், இன்னைக்காவது வாய மூடிச்சே" என்று சமையல்காரர் காஸ்மீர் சிரித்தார்.

மீன் பொரித்துக்கொண்டே இருவரும் பேசினார்கள். பேச்சு பெர்க்மான்ஸின் தம்பி அமலனிடம் வந்தது. அவனும் வேறொரு படகில் அதே கடலில்தான் இருந்தான்.

"வீட்டுல பாதி கேக்கான். இனி அவன் செத்தாலும் எட்டிப்பாக்க மாட்டேன்" என்றான் பெர்க்மான்ஸ்.

மறுநாள் கரையில், அமலனின் படகு கவிழ்ந்த செய்தி காத்திருந்தது. பிழைத்தவன் கில்பர்ட் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் பெர்க்மான்ஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பக்கத்துலதானலே கெடந்தோம். ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே!"

"ஒரு மணி நேரம் கூப்பிட்டோம்ணே. சேனல் முழுக்க ஒங்க பேச்சுதான். எங்க சத்தம் யாருக்கும் போவல."

"அமலன் கேட்டானா?"

கில்பர்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "எல்லாத்தையும் கேட்டான். 'அண்ணே, கொஞ்சம் நிறுத்துண்ணே'ன்னு மைக்ல கெஞ்சிக்கிட்டே இருந்தான்."

அப்போது அமலனின் மனைவி உள்ளே வந்து பெர்க்மான்ஸின் அருகில் நின்றாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாராமா, அத்தான்?" என்று கேட்டாள்.