ஐந்தாவது வாய்தா

“இன்னொரு வாய்தாவா!”

கோர்ட் வாசலிலேயே குதித்தான் குணசீலன். அவன் அக்கா சௌந்திரத்தின் நில வழக்கு ஐந்தாவது முறையாகத் தள்ளிப் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் வாய்தா கேட்டது எதிர்த்தரப்பு இல்லை. இவர்களுடைய வக்கீல் சந்திரசேகரேதான்!

இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். சட்டசபையில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று நாமக்கல் பக்கமெல்லாம் பேர். கோர்ட்டுக்கு வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

“ராசப்பன்கிட்ட வெலை போயிட்டாருக்கா. இன்னிக்கே கேஸ் கட்டைத் திருப்பி வாங்கறோம். வண்டில ஏறு!”

சௌந்திரத்துக்கும் ஆத்திரம்தான். கணவன் இறந்த முப்பதாம் நாள், “மூணு ஏக்கரையும் எனக்கு எழுதிக் குடுத்துட்டாரு” என்று பத்திரத்தோடு வந்து நின்றவர் ராசப்பன். பொய்ப் பத்திரம் என்று கேஸ் போட்டாள். தீர்ப்பு வரும்வரை நிலத்திலிருந்து அவளை வெளியேற்றக் கூடாது என்று கோர்ட் சொன்னது. அதோடு சரி. எட்டு மாதமாக வழக்கு ஓர் அங்குலம் நகரவில்லை.

பைக் ஜேடர்பாளையத்துக்குப் பறந்தது. வக்கீல் அதற்குள் அங்கிருந்த தன் தோட்டத்துக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, உங்க வெவசாயம் நல்லா நடக்குது. எங்கக்கா தெருவுல நிக்கோணுமா? கட்டைக் குடுங்க!”

வக்கீல் வாய் திறப்பதற்குள் சௌந்திரத்தின் செல்போன் அலறியது. மகள் யுவஸ்ரீ.

“அம்மா! கடைசி லோடும் ஜவ்வரிசி மில்லுக்குக் கெளம்பிருச்சு! மரவள்ளிக் கெழங்கு ஒவ்வொண்ணும் தொடை தண்டிம்மா! நான் நர்சிங் காலேஜ் சேந்துக்கலாமல்ல?”

போனில் வந்த சத்தம் வாழைத்தோப்பு முழுக்கக் கேட்டது. வக்கீல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“அம்மிணி, ஒரு செடி உடாம புடுங்கியாச்சுங்களா?”

“ஆமாங்க. மூணு ஏக்கரும் காலி. அதுக்கும் கேஸுக்கும் என்னங்க?”

“அப்பாடா!” சேற்றுக் கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இனி வாய்தா கேக்க மாட்டனுங்க. அடுத்த தேதிக்கு வாதாடறேன். ஆனா, தோத்துருவோம்.”

“என்னது?”

“பத்திரம் நெசந்தானுங்க. உங்க ஊட்டுக்காரரு கையெழுத்தேதான்.”

சௌந்திரம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?” குணசீலனின் குரல் இறங்கியிருந்தது.

“மொத வாய்தாவுக்கு முன்னாடியே.”

“அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்னங்க?”

“சொல்லியிருந்தா அம்மிணிக்குத் தண்ணி கட்ட மனசு வந்திருக்குமா தம்பி? அன்னிக்கே வாதாடியிருந்தா, அன்னிக்கே தோத்திருப்போம். அன்னிக்கு உங்கக்கா காட்டுல செடி முழங்கால் ஒசரந்தான் இருந்துச்சு!”