முடியாது என்று ஒரு வார்த்தை

“இன்னிக்காச்சும் வாயத் தொறந்து சொல்லிட்டு வாங்க. ‘அடுத்த ஞாயிறு முடியாது.’ அவ்ளோதான்,” என்றாள் ஜான்சி, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே.

“சொல்லிடறேன் ஜான்சி.”

“இதத்தான் போன வாரமும் சொன்னீங்க.”

அடுத்த ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். ஃபாதர் தேதி கொடுத்துவிட்டார். ஜான்சியின் அண்ணன் நெய்வேலியிலிருந்து குடும்பத்தோடு வருகிறார். அப்பாக்காரன் செம்பியனுக்கு மட்டும் அன்றைக்குச் சிதம்பரத்தில் வகுப்பு.

வகுப்பின் பெயர், ‘தயங்காமல் முடியாது என்று சொல்லுங்கள், வாழ்க்கையில் முன்னேறுங்கள்.’ மொத்தம் ஆறு ஞாயிறு. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த எழிலன் மேல வீதியில் பயிற்சி மையம் ஆரம்பித்து, “வந்துடு மச்சான்” என்றான். செம்பியன் “சரி” என்றான். முடியாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் அந்த வகுப்புப் பக்கமே அவன் போயிருக்க மாட்டான்.

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றாலும் அவர்களுடைய ஷிப்ட்டை அவன்தான் பார்ப்பான். ‘தங்கமான மனுஷன்’ என்று பேர். அவனுக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். அதற்கான தேர்வு நடந்த அன்றுகூட, எழுதப் போன சாமிக்கண்ணுவின் ஷிப்ட்டில் செம்பியன் நின்றுகொண்டிருந்தான்.

கடலூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். “தம்பி, இத செத்த மடியில வெச்சுக்க” என்று ஒரு பலாப்பழத்தை அவன் மடியில் இறக்கினார். வைத்துக்கொண்டான். புதுச்சத்திரம் வந்ததும் அந்த அம்மா மட்டும் எழுந்தார்.

“செதம்பரம் பஸ் ஸ்டாண்டுல எம் பொண்ணு எளவரசி வந்து நிக்கும். குடுத்துடு சாமி.”

“எனக்கு வகுப்புக்கு நேரமாவுதும்மா…”

“அதுக்கென்ன, பத்து நிமிஷத்துல வந்துடும்.”

‘காரணம் சொல்லாதே. நீ காரணம் சொன்னால் எதிராளி அதற்கு ஒரு வழி சொல்லிவிடுவான்’ என்று அவன் நோட்டில் அவன் கையாலேயே எழுதியிருந்தது. அந்த நோட்டின் மேல்தான் பலாப்பழம் உட்கார்ந்திருந்தது.

பத்து நிமிஷம் அரை மணி ஆனது. இளவரசி வந்து பழத்தை வாங்கிக்கொண்டு, “கொஞ்சம் ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டு வர்றீங்களாண்ணே?” என்றாள். அதையும் செய்துவிட்டு, சட்டையில் ஒட்டிய பாலைத் துடைத்தபடி மேல வீதிக்கு ஓடினான்.

மாடிப்படியிலேயே எழிலன் நின்றிருந்தான். “மணி என்னடா ஆவுது? எல்லாரும் வந்தாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி.”

“மச்சான், அடுத்த ஞாயிறு பாப்பாவுக்கு ஞானஸ்நானம்…”

“அடடே, சந்தோஷம்! பூசை முடிஞ்ச கையோட பஸ் ஏறினா பதினோரு மணிக்கு இங்க வந்துடலாமே.”

“வீட்ல விருந்து இருக்குடா.”

“நீயா சமைக்கப்போற? சாயந்தரம் போயி சாப்டுக்க.”

“சரி,” என்றான் செம்பியன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

எழிலன் மேலே போய்விட்டான். அந்த நேரம் பார்த்து ஜான்சியிடமிருந்து மிஸ்டு கால். படியிலேயே நின்று அவளைக் கூப்பிட்டான்.

“சொல்லிட்டீங்களா?”

“அது வந்து ஜான்சி… பூசை வரைக்கும் நான் இருக்கேன். வர்றவங்கள மட்டும் நீயும் அண்ணனும் பார்த்துக்கிட்டீங்கன்னா…”

“முடியாது.”

மேற்கொண்டு ஏதாவது சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று காத்திருந்தான். அவள் குரலில் கோபம்கூட இல்லை. குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. வாரக்கணக்காக உட்கார்ந்து அவன் நோட்டில் எழுதிய அத்தனை பக்கமும் அவளுக்கு நாலே எழுத்தில் முடிந்துவிட்டது.

குழந்தை மறுபடி சிணுங்கியது. “வெச்சிடறேன் ஜான்சி” என்று போனைச் சட்டைப் பையில் போட்டான்.

மேலே போனான். எழிலன் அலுவலக அறையில் மின்விசிறிக்குக் கீழே நின்றிருந்தான்.

“அடுத்த ஞாயிறு முடியாது மச்சான்.” குரல் பாதியில் கீச்சிட்டது.

“ஏன்டா? இப்பத்தானே சரின்ன?”

காரணம் சொல்ல செம்பியனுக்கு நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டான்.

“பன்னெண்டு மணிக்காச்சும் வாயேன்.”

“முடியாது.”

இந்த முறை குரல் சரியாகவே வந்தது. முப்பத்து நாலு வயதில் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

எழிலன் தலையில் கைவைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“டேய், உள்ள நாப்பது பேரு பணங்கட்டி உட்காந்திருக்காங்க. ‘முடியாது’ன்னு எப்படிச் சொல்றதுன்னு அவுங்களுக்கு இனிமே யார்ரா சொல்லிக்குடுக்கறது? வாத்தியாரே நீதானடா!”