மனுதாரர் இன்னும் பிறக்கவில்லை

எங்கள் தெரு மைதானத்தில் ஒன்பது மாடி வணிக வளாகம் கட்ட நகராட்சி அனுமதி கொடுத்தது. நாங்கள் போட்ட மனுக்களெல்லாம் தள்ளுபடியாகிவிட்டன. இனிமேல் பிறக்கப்போகிறவர்களும் வழக்குப் போடலாம் என்று புதுச் சட்டம் வந்திருந்ததால், மெக்கானிக் மாசிலாமணியின் வருங்கால மகள் பெயரில் ஒரு மனு போட்டோம். உடனே தடை கிடைத்தது. தெருவில் இன்னும் பிள்ளை பெறாதவன் அவன்தான். ஏன் பெறவில்லை என்பதைத்தான் அவசரத்தில் மறந்துவிட்டோம்.

நகராட்சி வக்கீல் மறக்கவில்லை. "மனுதாரரோட அப்பாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்கய்யா."

நீதிபதி ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். பத்து வருடமாக அவனுக்குப் பெண் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இப்போது தெருவே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து, மூன்றே வாரத்தில் தேன்மொழியைக் கட்டிவைத்தது. கல்யாணப் போட்டோவைப் பார்த்த நீதிபதி, மனுதாரர் பிறக்கும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்றார். பிறந்தபிறகு விசாரணை தொடருமாம்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் தேன்மொழியிடம் விசேஷம் கேட்பதில்லை. ஊரில் ஒரு மருமகளையும் விட்டுவைக்காத என் மனைவியே, "என்ன அவசரம் கண்ணு, ரெண்டு பேரும் நாலு ஊர் சுத்திட்டு வாங்க" என்கிறாள்.

கேட்பது நகராட்சியின் கட்டட அனுமதி அதிகாரி மட்டும்தான். மாதம் தவறாமல் ஒரு பை பச்சை மாங்காயோடு வந்து நிற்கிறார்.

"ஏதாச்சும் விசேஷம் உண்டாம்மா?"

தேன்மொழி பையை வாங்கிக்கொள்கிறாள்.

"கரெக்டா வந்தீங்க சார். ஊறுகாய் நேத்துதான் தீந்துச்சு."