நல்லாப் பாருங்க மேடம்

கோமதியக்கா மகன் நந்தகோபனுக்கு ஆன்லைன் இன்டர்வியூ என்றால் எங்கள் காம்பவுண்டில் ஒரு வீட்டிலும் மிக்ஸி ஓடாது. இரண்டு வருஷமாக எங்கள் சட்னிதான் தாமதமானது. அவனுக்குப் புரோகிராமர் வேலை கிடைத்தபாடில்லை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. நான் எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னலில் தானாகத் தெரிந்தது.

நேற்று குழாயடியில் நின்றவனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண், "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க" என்றாள்.

அவன் வெளிறிப்போனான். "நல்லாப் பாருங்க மேடம். அதே பேர்ல வேற யாராவது இருப்பாங்க. எனக்கு அவ்வளவு கோடிங் வராது."

"செக் பண்ணிட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கோமதியக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னடா சொன்னாங்க?"

"வேற யாருக்கோ வந்த போன்மா."

அது மறுபடி அடிக்கும்வரை அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.