பேக்கேஜ் அக்கா

"வேலை நேரத்துல சர்வரைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க சார்! யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

மேனேஜரின் மேசை முன் நின்று பொரிந்து தள்ளினான் புரோகிராமர்.

அவனுடைய வேலை நிரந்தரமாகுமா என்று இந்த வாரம்தான் முடிவு செய்யப்போகிறார்கள். நேரம் பார்த்து, அவன் எழுதிய பஸ் டிக்கெட் தளம் காலையில் படுத்துவிட்டது. வந்த போனெல்லாம் அவனுக்குத்தான்.

சர்வர்களைக் கவனிக்கும் பெண்ணை வரச் சொன்னார் மேனேஜர். லினக்ஸ் கம்பெனி சோதித்துத் தரும் 'பேக்கேஜ்' மென்பொருளைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு 'பேக்கேஜ் அக்கா' என்று பெயர்.

"ஏம்மா, நல்லா ஓடிட்டிருந்த ஜாவா சர்வர் சாப்ட்வேரை எதுக்கு எடுத்தே?"

"அது நெட்டுல இருந்து இறக்கிக் கையால போட்டது சார். அதுல ஹேக்கர் உள்ள நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கு. கம்பெனி பேக்கேஜா இருந்தா அதை அடைக்கிற அப்டேட் தானா வந்திருக்கும். இதை யாரும் கவனிக்கல."

"இப்பப் போட்டிருக்கிறது பழைய வெர்ஷன் சார்," என்றான் புரோகிராமர். "அக்காவுக்குப் பழசு இருந்தாத்தான் தூக்கம் வரும்."

"பழசுதான். ஆனா கம்பெனியே ஓட்டையை அடைச்சுக் கொடுத்திருக்காங்க."

"அது சரி," என்றார் மேனேஜர். "சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியாதா?"

"மதியம் செக்யூரிட்டி ஆடிட்டர்கள் சர்வரைப் பரிசோதிக்க வர்றாங்களே சார்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அந்த ஓட்டை சர்வரைப் போட்ட புத்திசாலி யாரு?"

புரோகிராமர் சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான்.

"நான்தான் சார்," என்றாள் அவள்.

"நீயா? எல்லாருக்கும் பேக்கேஜ் பேக்கேஜ்னு பாடம் எடுத்துட்டு நீயேவா? உன்னை டீம் லீடராப் போடச் சொல்லலாம்னு இருந்தேன். நல்லவேளை, வாயை விடல. போ."

அவள் வெளியே வந்தாள். புரோகிராமர் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அக்கா... அதைப் போட்டது நான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உன் லாகின்லதானேப்பா ஓடிட்டிருந்தது. ஆடிட்டர் திறந்து பார்த்தா முதல்ல கண்ணுல படறது உன் பேருதான். அதான் அவங்க வர்றதுக்குள்ள அவசர அவசரமா எடுத்தேன்."

தன் இருக்கையை நோக்கி நடந்துகொண்டே சொன்னாள்:

"நீயே போய் மேனேஜர்கிட்ட பத்தவைப்பேன்னு நான் என்ன கனவா கண்டேன்?"